மூன்று கொட்டேஷன், மூன்று சிபிகே: ஆர்டர் யாருக்கு?

கண்ணு, சப்ளையர் குவாலிட்டி வேலைக்கு மாறியிருக்கிறாய் என்று கேட்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். வாங்கும் பொருளின் தரத்தைப் பார்க்கிற நாற்காலி அது. அங்கே நீ போடும் ஒரு கையெழுத்தால் ஒரு சின்னப் பட்டறைக்கு மூன்று வருஷத்துக்கு வேலை கிடைக்கும், கிடைக்காமலும் போகும். அதனால்தான் நீ கேட்ட கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

உன் கேள்வியை இப்படி வைத்துக்கொள்வோம். மோட்டார் ஷாஃப்ட்டுக்கு மூன்று பேர் கொட்டேஷன் தந்திருக்கிறார்கள். பேரிங் உட்காரும் இடத்தின் விட்டத்துக்கு முதலாமவர் சிபிகே 1.35 என்று எழுதியிருக்கிறார், இரண்டாமவர் 1.06, மூன்றாமவர் 1.72. விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. “1.72 வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிடலாமே” என்று உன் மேலதிகாரி சொல்கிறார். நான் சொல்வது: இன்னும் கொடுக்காதே. இந்த மூன்று எண்ணும் ஒரே அளவுகோலில் வந்தவைதானா என்று பார்க்காமல் ஒப்பிடவே முடியாது. அதைப் பார்த்து முடித்ததும் வரிசை தலைகீழாக மாறினாலும் மாறலாம்.

முதலில் மையமும் அகலமும்

6205 பேரிங்கின் உள்விட்டம் 25 மில்லிமீட்டர். ஷாஃப்ட்டில் அது உட்காரும் இடத்துக்கு ட்ராயிங்கில் கே6 என்று டாலரன்ஸ் போட்டிருந்தால், விட்டம் 25.002-க்கும் 25.015-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மொத்த இடம் 13 மைக்ரான். நடுப்புள்ளி 25.0085.

முதலாமவரின் ஷாஃப்ட்டுகள் சராசரியாக அந்த நடுப்புள்ளியிலேயே நிற்கின்றன. சிக்மா, அதாவது ரீடிங்குகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு, 1.6 மைக்ரான். சிபி என்பது டாலரன்ஸின் அகலத்தை ஆறு சிக்மாவால் வகுப்பது. 13-ஐ 9.6-ஆல் வகுத்தால் 1.35. சராசரி நடுவிலேயே இருப்பதால் சிபிகேயும் அதே 1.35.

இரண்டாமவரின் சிக்மா 1.1 மைக்ரான்தான். 13-ஐ 6.6-ஆல் வகுத்தால் சிபி 1.97. மூவரில் மிகக் குறுகலாக வேலை செய்கிறவர் இவர். ஆனால் இவருடைய சராசரி 25.0115-ல் நிற்கிறது. மேல் எல்லைக்கு 3.5 மைக்ரான்தான் மிச்சம். சிபிகே பக்கத்தில் இருக்கும் எல்லையை மட்டும்தான் பார்க்கும். அந்தத் தூரத்தை மூன்று சிக்மாவால் வகுக்கும். 3.5-ஐ 3.3-ஆல் வகுத்தால் 1.06.

இப்போது சொல், யார் நல்ல சப்ளையர்? அகலம் என்பது மெஷினின் குணம். ஸ்பிண்டில், கைடுவே, வீல், கூலண்ட், பொருளைப் பிடிக்கும் முறை எல்லாம் சேர்ந்து தீர்மானிப்பது. முதலாமவர் 1.35-லிருந்து 1.67-க்கு மேல் போக வேண்டுமானால் மெஷினுக்குப் பணம் செலவழிக்க வேண்டும். இரண்டாமவர் கிரைண்டிங் மெஷினில் ஆஃப்செட்டை 3 மைக்ரான் கீழே இறக்கினால் போதும். செலவே இல்லாமல் 1.97-ஐ நெருங்கிவிடுவார். சிபிகேயை மட்டும் கேட்டு வாங்கினால் இந்த வித்தியாசம் உன் கண்ணுக்குத் தெரியாது. அதனால் எந்த சப்ளையரிடமும் சிபி, சிபிகே இரண்டையும் சேர்த்தே கேள். கூடவே சராசரியையும் சிக்மாவையும் மில்லிமீட்டரில் எழுதித் தரச் சொல்.

ஆனால் ‘ஆஃப்செட்டை மாற்றுங்கள்’ என்று மெயில் அனுப்பிவிட்டு உட்காராதே. சராசரி ஏன் மேலே நிற்கிறது என்று நேரில் போய்க் கேள். பெரும்பாலான கிரைண்டிங் பட்டறைகளில் காரணம் ஒன்றுதான்: ஷாஃப்ட் கொஞ்சம் பெரிதாக வந்தால் மறுபடி அரைத்துக்கொள்ளலாம், சிறிதாகப் போய்விட்டால் ஸ்கிராப். அந்தப் பயத்தில் ஆபரேட்டர் மேல் பக்கமாகவே மெஷினை வைத்துக்கொள்வார். ஸ்கிராப்புக்கு யாரோ அவரைத் திட்டியிருப்பார்கள். அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறார், அவ்வளவுதான். ஆனால் ஷாஃப்ட் பெரிதாகப் போகப் போக பேரிங் இறுக்கமாக உட்காரும். உள்ளே உருண்டைகளுக்கு இருக்கும் இடைவெளி குறையும். மோட்டாரில் சூடும் சத்தமும் கூடும். இதை அந்த ஆபரேட்டரிடமே, முடிந்தால் ஒரு மோட்டாரை ஓடவிட்டுக் காட்டி, புரியவை. அவர் மனசு மாறினால்தான் செட்டிங் மாறும். நீ வண்டி ஏறியதும் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்கும்.

1.72 எங்கிருந்து வந்தது?

மூன்றாமவரின் தாளைப் புரட்டினால் அதே பக்கத்தில் கீழே சின்ன எழுத்தில் பிபிகே 0.94 என்று இருக்கிறது. பலர் இந்த வரியைப் படிப்பதே கிடையாது. ஒப்பீட்டில் முக்கால்வாசி விஷயம் இங்கேதான் இருக்கிறது.

சிபிகே கணக்கில் வரும் சிக்மா, அடுத்தடுத்து எடுத்த ஐந்து பீஸ்களுக்குள் இருக்கும் வித்தியாசத்திலிருந்து வருவது. ஒவ்வொரு ஐந்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, அந்த ரேஞ்சுகளின் சராசரியை 2.326-ஆல் வகுப்பார்கள். இவருக்கு அது 1.26 மைக்ரான் வந்திருக்கும், 1.72 அப்படித்தான் கிடைத்தது. பிபிகே கணக்கில் எல்லா ரீடிங்கையும் ஒன்றாகக் கொட்டி மொத்த சிதறலைப் பார்ப்பார்கள். அது 2.3 மைக்ரான். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இதற்கு அர்த்தம் என்ன? ஐந்து நிமிஷத்துக்கு அந்த மெஷின் அருமையாக ஓடுகிறது. ஆனால் காலையிலிருந்து ராத்திரி வரை சராசரி அங்கும் இங்கும் நகர்கிறது. வீல் டிரெஸ் செய்ததற்கு முன்பு ஒரு மாதிரி, பின்பு ஒரு மாதிரி. பகல் ஷிஃப்ட்டில் ஒருவர் செட்டிங், ராத்திரி ஷிஃப்ட்டில் இன்னொருவர் செட்டிங். மெஷின் குளிர்ந்திருக்கும்போது ஓர் அளவு, சூடேறிய பிறகு வேறு அளவு. உனக்கு வந்து சேரும் பெட்டியில் இருப்பது ஐந்து நிமிஷ சரக்கு அல்லவே, ஒரு வார சரக்கு. நீ அனுபவிக்கப் போவது 0.94-ஐத்தான்.

சிபிகேக்கும் பிபிகேக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்த்து ஒரு சப்ளையரின் நிர்வாகத்தையே சொல்லிவிடலாம் என்பது என் அபிப்பிராயம். இரண்டும் ஒட்டி நின்றால் அங்கே ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் வேலை ஒரே மாதிரி நடக்கிறது. விலகி நின்றால் மெஷின் நல்லது, நடத்துகிற முறை சரியில்லை. மூன்றாமவரிடம் நான் கேட்பது புது மெஷின் கிடையாது. டிரெஸ்ஸிங்குக்கு அப்புறம் முதல் பீஸ் அளக்கிறார்களா, ஷிஃப்ட் மாறும்போது கண்ட்ரோல் சார்ட் கை மாறுகிறதா என்பதைத்தான்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. எக்செல்லில் எல்லா ரீடிங்கையும் தேர்ந்தெடுத்து ஸ்டேண்டர்ட் டீவியேஷன் ஃபங்ஷனைப் போட்டால் வருவது மொத்த சிதறல், அதாவது பிபிகேக்கு உரிய சிக்மா. அதை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு ‘சிபிகே’ என்று தலைப்புக் கொடுக்கிற சப்ளையர்கள் நிறைய. முதலாமவர் அப்படிச் செய்திருந்தால் அவருடைய 1.35 உண்மையில் பிபிகே. மூன்றாமவரின் 0.94-ஓடுதான் அதை ஒப்பிட வேண்டும். அப்போது முதலாமவர் எங்கோ மேலே போய்விடுகிறார் பார். அதனால் பிடிஎஃப் வாங்காதே, எக்செல் ஃபைலை வாங்கு. எண் இருக்கிற கட்டத்தைக் கிளிக் செய்து உள்ளே என்ன ஃபார்முலா என்று பார். மினிடேப் மென்பொருள் பயன்படுத்துகிறவரானால் இரண்டு சிக்மாவையும் தனித்தனியே காட்டச் சொல்.

சார்ட் இல்லாத சிபிகே வேண்டாம்

ப்ராசஸ் நிலையாக இருந்தால்தான் இந்த எண்களுக்கே பொருள் உண்டு. சராசரி தினம் ஓர் இடத்துக்கு ஓடினால் இன்றைய சிபிகே நாளைக்குச் செல்லாது. வால்டர் ஷூவார்ட் 1924 மே மாதம் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் தன் மேலதிகாரிக்கு ஒரு சின்னக் குறிப்பு அனுப்பினார். ப்ராசஸ் நிலையாக இருக்கிறதா என்று காட்டும் கண்ட்ரோல் சார்ட் பிறந்தது அதில்தான். புள்ளியியல் அறிஞர் மஹாலனோபிஸ் அழைப்பில் அவர் 1947-48-ல் இந்தியாவுக்கே வந்து போனார். சென்னை பாடியில் இருந்த சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் தர நிர்வாகத்துக்கான டெமிங் பரிசு வாங்கியது. இந்திய நிறுவனம் ஒன்று அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், சில சப்ளையர்கள் “இதெல்லாம் ஃபாரின்காரன் வேலைங்க, நம்ம ஊருக்கு ஒத்துவராது” என்பார்கள். நம் ஊரில் நடந்து காட்டிய வேலை என்று தெம்பாகச் சொல்.

சார்ட்டைக் கேட்கும்போது ரீடிங்குகள் எடுத்த வரிசையிலேயே வேண்டும். “அண்ணா, அளந்த நேரத்தோட, அளந்த வரிசையிலயே குடுங்க” என்று ஒரே வரியில் கேட்டுவிடு. சிறியதிலிருந்து பெரியது என்று அடுக்கிக் கொடுத்த பட்டியலில் ப்ராசஸின் கதை அழிந்துபோயிருக்கும்.

எத்தனை பீஸ் அளந்தார்கள்?

இது எல்லாரும் அவசரத்தில் தாண்டிப் போகிற இடம். 30 பீஸ் அளந்து சிபிகே 1.33 என்று வந்தால், உண்மையான மதிப்பு ஏறத்தாழ 0.97 முதல் 1.69 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 95 சதவீத நம்பகத்தில் கணக்கு அப்படித்தான் வருகிறது. 100 பீஸ் அளந்தால் அந்த இடைவெளி 1.13 முதல் 1.53 வரை என்று சுருங்கும். ஆக, 30 பீஸில் ஒருவருக்கு 1.33-உம் இன்னொருவருக்கு 1.50-உம் வந்தால் அவர்கள் இருவருக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று சொல்லவே முடியாது. அந்த 0.17-ஐ வைத்து ஒருவரை நிராகரிப்பது அநியாயம். இதை உன் பர்ச்சேஸ்காரர்களிடம் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இரு.

ஆட்டோமொபைல் துறையின் பீபேப் கையேடு இதற்கு ஒரு நல்ல அடிப்படை கொடுக்கிறது. தயாரிப்பு ஓட்டம் ஒரு மணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரம் வரை, தொடர்ந்து குறைந்தது 300 பீஸ். அதிலிருந்து குறைந்தது 25 சப்குரூப், 100 ரீடிங். முடிவு 1.67-க்கு மேல் என்றால் ஏற்கலாம், 1.33-க்குக் கீழே என்றால் ஏற்க முடியாது. நடுவில் என்றால் வாடிக்கையாளரோடு பேசித் தீர்மானிக்க வேண்டும். உன் கம்பெனி ஆட்டோமொபைல் இல்லாவிட்டாலும் இதையே எல்லாருக்கும் பொது நிபந்தனையாக வை. ஐந்து ஐந்தாக 25 முறை, மொத்தம் 125 ரீடிங், குறைந்தது இரண்டு ஷிஃப்ட்டைத் தொட வேண்டும், நடுவில் ஒரு வீல் டிரெஸ்ஸிங்காவது வர வேண்டும். மூன்று சப்ளையருக்கும் இதே கடிதம், இதே படிவம். நிபந்தனை ஒன்றாக இருந்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

கேஜும் வெயிலும்

கண்ணு, இந்தப் பகுதியை இரண்டு தரம் படி. 13 மைக்ரான் டாலரன்ஸை 0.01 மில்லிமீட்டர் லீஸ்ட் கவுண்ட் உள்ள மைக்ரோமீட்டரில் அளக்கிற இடங்கள் இன்னும் உண்டு. அதில் 25.005-லிருந்து 25.015 வரை எது வந்தாலும் 25.01 என்றுதான் எழுத முடியும். வரிசையாக 25.01, 25.01, 25.01. சிக்மா பூஜ்யத்தை ஒட்டிப் போய்விடும். சிபிகே 5, 6 என்று பறக்கும். ரிப்போர்ட்டில் அசாத்தியமான எண்ணைப் பார்த்தால் பாராட்டுவதற்கு முன் ரீடிங்கின் கடைசி இலக்கத்தைப் பார். டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கையாவது பிரித்துக் காட்டும் கருவி வேண்டும். இந்த ஷாஃப்ட்டுக்கு ஒரு மைக்ரானோ அதற்கும் நுட்பமாகவோ காட்டும் கம்பேரேட்டர் அல்லது ஏர் கேஜ்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. நல்ல ப்ராசஸ் வைத்திருப்பவர் கேஜ் சரியில்லாததால் மோசமாகத் தெரிவார். இரண்டாமவரையே எடுத்துக்கொள். மெஷினின் சிதறல் 1.1 மைக்ரான். கேஜும் அளப்பவரும் சேர்ந்து 0.8 மைக்ரான் சிதறலைக் கூட்டினால், தாளில் தெரிவது 1.36. சிபி 1.97-லிருந்து 1.59-க்கு இறங்கிவிடும். மெஷின் அதே மெஷின்தான். இங்கே கேஜின் பங்கு டாலரன்ஸில் 37 சதவீதம். கேஜ் ஆர் அண்ட் ஆர் எனப்படும் இந்தப் பங்கு 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது, 30-ஐத் தாண்டினால் அந்தக் கருவியை நம்பக் கூடாது என்பது வழக்கமான எல்லை. ஆகவே சிபிகே ரிப்போர்ட்டோடு அதே கேஜின் ஆர் அண்ட் ஆர் ரிப்போர்ட்டையும் சேர்த்துக் கேட்பதைக் கட்டாயமாக்கு.

வெயிலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நீளங்களை அளக்க உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. எஃகு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் 10 டிகிரி அதிக சூட்டில் இருந்தால் விட்டம் கிட்டத்தட்ட 2.9 மைக்ரான் பெரிதாகத் தெரியும். மொத்த டாலரன்ஸில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்! ஏசி அறையில் இருக்கும் மாஸ்டரை வைத்து கேஜை செட் செய்துவிட்டு, கிரைண்டிங்கிலிருந்து சூடாக வந்த ஷாஃப்ட்டை அளந்தால் எல்லா ரீடிங்கும் மேலே தள்ளிப்போகும். மாஸ்டரும் ஷாஃப்ட்டும் ஒரே மேஜையில் ஒரே சூட்டுக்கு வரும்வரை காத்திருந்தால் இரண்டும் எஃகு என்பதால் விரிவு ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். சித்திரை மாதம் ஒரு சப்ளையரிடமும் மார்கழியில் இன்னொருவரிடமும் டேட்டா வாங்கி ஒப்பிடுகிறாய் என்றால் இதைக் கட்டாயம் விசாரி.

எளிமையான சோதனை ஒன்று சொல்கிறேன். பத்து ஷாஃப்ட்டை எடுத்து நம்பர் பொறித்து, உன் லேபில் அளந்து, மூன்று சப்ளையரிடமும் சுற்றுக்கு அனுப்பு. உன் ரீடிங்கைச் சொல்லாதே. மூவரும் அளந்து அனுப்பட்டும். ஒருவருடைய ரீடிங் எல்லாமே 2 மைக்ரான் மேலே இருந்தால் அவருடைய சராசரியை நீ எப்படிப் படிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். செலவு கூரியர் மட்டும்தான். சிபிகே பேச்சு முழுவதும் இந்தச் சோதனையின் மேல்தான் நிற்கும்.

பொறுக்கி அனுப்பியதா, செய்து அனுப்பியதா?

ரீடிங் கையில் வந்ததும் ஹிஸ்டோகிராம் போட்டுப் பார். மேலே எழும்பி இரு பக்கமும் சரிவாக இறங்கினால் அது மெஷின் செய்தது. எல்லையில் கத்தியால் வெட்டியது போல் சட்டென்று நின்றால், வெளியே போனவற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தைக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இதில் என்ன தப்பு, எனக்கு வருவதெல்லாம் எல்லைக்குள்தானே இருக்கிறது என்று கேட்பாய். ஜப்பானியத் தரப் பொறியாளர் தகுச்சி சொல்லிப் பிரபலமான சோனி டிவி சம்பவம் இதற்கு நல்ல பதில். 1979-ல் அசாஹி பத்திரிகையில் வந்த செய்தி அது. ஒரே டிசைனில் டோக்கியோவிலும் அமெரிக்காவின் சான் டியாகோவிலும் டிவி தயாரானது. நிற அடர்த்திக்கு ஒரு குறி, இரு பக்கமும் ஒரு டாலரன்ஸ். சான் டியாகோவிலிருந்து எல்லைக்கு வெளியே ஒரு செட் கூட போவது அரிது. டோக்கியோவிலிருந்தோ ஆயிரத்துக்கு மூன்று செட் வெளியே போனது. ஆனாலும் அமெரிக்க வாடிக்கையாளர்கள் ஜப்பானில் செய்த செட்டுகளையே விரும்பினார்கள். காரணம், டோக்கியோ செட்டுகள் பெரும்பாலும் குறியைச் சுற்றிக் குவிந்திருந்தன. சான் டியாகோ செட்டுகள் எல்லைக்குள் எல்லா இடத்திலும் சமமாகப் பரவிக் கிடந்தன. சிபி கணக்குப் போட்டால் டோக்கியோவுக்கு 1, சான் டியாகோவுக்கு 0.58. இத்தனைக்கும் ரிஜெக்‌ஷன் கணக்கில் சான் டியாகோதான் முன்னால். எல்லையின் ஓரத்தில் நிற்கும் பாகமும் பாஸ்தான். ஆனால் ஓரத்தில் நிற்கும் ஷாஃப்ட்டும் ஓரத்தில் நிற்கும் பேரிங்கும் சந்தித்தால் கஷ்டப்படுவது மோட்டார் வாங்கிய விவசாயி.

அதனால் ‘உங்கள் ரிஜெக்‌ஷன் எத்தனை பிபிஎம்’ என்று மட்டும் கேட்டு சப்ளையர்களை வரிசைப்படுத்தாதே. நூறு சதவீதம் சோதித்துப் பொறுக்குகிறவருக்கு அந்த எண் எப்போதும் அழகாகவே இருக்கும், சோதிக்கிற ஆள் லீவு போடும்வரை.

இன்னும் சில

பல கேவிட்டி உள்ள அச்சில் வார்க்கும் பாகமானால் கேவிட்டி வாரியாக டேட்டா வாங்கு. எல்லாவற்றையும் கலந்தால் எந்தக் கேவிட்டி தனியாக விலகியிருக்கிறது என்பது மறைந்துபோகும். இரண்டு மெஷினில் ஓடுகிற வேலைக்கும் இதேதான். சாம்பிளை நல்ல மெஷினில் எடுத்துவிட்டு சப்ளையை மற்றதிலிருந்து அனுப்புவது புதுசில்லை. மெஷின் நம்பரை எழுதி வாங்கு.

ரன்அவுட், ஓவாலிட்டி, சர்ஃபேஸ் ஃபினிஷ் போன்றவற்றுக்கு மேல் எல்லை மட்டும்தான் உண்டு. அங்கே சிபி என்று ஒன்றைக் கேட்காதே, கிடையாது. அந்த ரீடிங்குகள் பூஜ்யத்துப் பக்கம் நெருக்கியும் மறுபக்கம் நீண்டும் இருக்கும். சாதாரண ஃபார்முலா அங்கே தப்பான நம்பிக்கை கொடுக்கும். சார்ட்டையும் ஹிஸ்டோகிராமையும் பார்த்தே முடிவெடு.

ட்ராயிங்கில் அறுபது அளவு இருந்தால் அறுபதுக்கும் சிபிகே கேட்பது சப்ளையரைப் பொய் எழுதப் பழக்குவதற்குச் சமம். மோட்டார் ஓடுவதைத் தீர்மானிக்கிற மூன்று நான்கு அளவைத் தேர்ந்தெடு. அவற்றுக்கு ஒழுங்கான டேட்டாவைக் கேள். கிடைத்த சிபிகேக்களைக் கூட்டிச் சராசரி போடாதே. ஒரு பாடத்தில் ஃபெயில், மற்றதில் நூறு என்றால் சராசரி பார்த்து பாஸ் போடுவார்களா? ஒவ்வொருவருக்கும் இருப்பதிலேயே குறைந்த எண்ணை எடுத்து ஒப்பிடு.

பர்ச்சேஸ்காரர்களிடம் பேசும்போது பீஸ் கணக்கில் பேசு. வருஷத்துக்கு இரண்டு லட்சம் ஷாஃப்ட் வாங்குகிறோம் என்றால், மையத்தில் நிற்கும் ப்ராசஸில் சிபிகே 1.00 என்பது சுமார் 540 மோசமான பீஸ், 1.33 என்பது சுமார் 13, 1.67-ல் ஒன்று வருவதே அபூர்வம். ரீடிங்குகள் மணி வடிவத்தில் சிதறினால்தான் இந்தக் கணக்கு சரி, ஆகவே உத்தேசமாகவே சொல். அந்த 540-ஐத் தேடிப் பிடிக்க இரண்டு லட்சத்தையும் அளக்க ஆகும் கூலியை விலை வித்தியாசத்தோடு சேர்த்துக் காட்டினால் மீட்டிங் சீக்கிரம் முடியும்.

மனுஷத்தனம்

1.2 என்று உண்மையான ரீடிங்கோடு, சார்ட்டில் இரண்டு புள்ளி வெளியே போனதையும் அதன் காரணத்தையும் பென்சிலில் குறித்து அனுப்புகிற சின்னப் பட்டறைக்காரர் ஒருவர் உனக்குக் கிடைத்தால் அவரை விடாதே. பளபளப்பான ஃபோல்டரில் மாதாமாதம் 2.1 அனுப்புகிறவரைவிட அவரோடு வேலை செய்வது எளிது. அவருடைய எண் எங்கே உடைகிறது என்று உனக்குத் தெரியும், சேர்ந்து சரிசெய்யலாம். மாதாமாதம் ஒரே மாதிரி வருகிற டேட்டாவை முந்தின மாத ஃபைலோடு பக்கத்தில் வைத்துப் பார். தேதியை மட்டும் மாற்றிய தாள்கள் சுலபமாக அகப்படும்.

நல்ல எண் கேட்டு மிரட்டினால் நல்ல எண் வரும், நல்ல ஷாஃப்ட் வராது. குறைந்த சிபிகேயை ஒளிக்காமல் காட்டியதற்காக ஒருவருடைய ஆர்டரை வெட்டினால், அந்தச் செய்தி ஊரிலுள்ள எல்லாப் பட்டறைக்கும் போய்விடும். அதற்கு அப்புறம் உனக்கு யாரும் நிஜத்தைக் காட்டமாட்டார்கள்.

ஆக, இந்த மூவரில்

என்னைக் கேட்டால் இரண்டாமவரிடம் முதலில் பேசுவேன். செட்டிங்கை மையத்துக்குக் கொண்டுவந்து இன்னொரு ஓட்டம் ஓடச் சொல்வேன். சிபி 1.97-ல் நின்று, பிபிகேயும் 1.67-ஐத் தாண்டினால் பெரும்பங்கு ஆர்டர் அவருக்கு. முதலாமவரின் 1.35 மொத்த சிதறலில் வந்தது என்று உறுதியானால் மிச்சப் பங்கு அவருக்கு. ஒருவர் மெஷின் நின்றால் லைன் நிற்காமல் காப்பாற்ற இரண்டாவது ஆள் எப்போதும் வேண்டும். மூன்றாமவரை ஒதுக்கிவிட வேண்டாம். ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் நகர்வதைக் கட்டுப்படுத்த மூன்று மாதம் கொடு. அவர் கையில் நல்ல மெஷின் இருக்கிறது.

ஆர்டரில் இரண்டு நிபந்தனையை எழுத்தில் சேர்த்துவிடு. மெஷின், வீல் கிரேடு, மூலப்பொருள், இடம் இவற்றில் எது மாறினாலும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு லாட்டோடும் அளந்த வரிசையில் 25 ரீடிங் வர வேண்டும். அதை நீயே ஒரே சார்ட்டில் தொடர்ந்து போட்டு வா. இரண்டாமவரின் புது 125 ரீடிங் வந்ததும் எனக்கும் ஒரு காப்பி அனுப்பு. கேஜ் நம்பரும் மாஸ்டர் காலிப்ரேஷன் தேதியும் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பு.